தடவிக் கொடுங்க, தப்பில்ல. அதை வைத்தியம்னு விக்காதீங்க

நீளமான த்ரெட். நாய், பூனை வளர்க்கிறவங்களும் குதிரை வச்சிருக்கிறவங்களும் முழுசா படிங்க. மத்தவங்க நடுவுல ரேபிஸ் வர்ற பகுதியையாவது படிச்சிடுங்க.

கொஞ்ச நாளா என் டைம்லைன்ல ஒரே மாதிரி விளம்பரம் திரும்பத் திரும்ப வருது. இரண்டு நாள் வகுப்பு. மென்மையான தொடுதல் மூலமா உங்க செல்லப் பிராணியையும் குதிரையையும் குணப்படுத்தக் கத்துக்கலாம். முடிவுல சான்றிதழ். அடுத்த லெவல் கட்டினா தொடவே வேணாம், நாயோட ஃபோட்டோ போதும், வேற ஊர்ல உட்கார்ந்தே எனர்ஜி அனுப்பலாம். பயம், மூட்டு வலி, வலிப்பு, தோல் வியாதி, சாப்பிடாம இருக்கிறது எல்லாத்துக்கும் இது ஒண்ணே தீர்வாம்.

"நீங்க மனுஷ டாக்டர்தானே, மிருகத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" நியாயமான கேள்வி. கால்நடை மருத்துவம் என் துறை இல்லை. நான் படிச்சது எம்.பி.பி.எஸ்., வேலை பார்க்கிறது அரசு மருத்துவமனையில. ஆனா அந்த மிருகத்தைத் தொட்ட கை என் ஓபிக்குத்தான் வருது. நாய்க்கடி ஊசி போடற வரிசையில நிக்கிறவங்க கிட்ட தினமும் "எப்படிக் கடிச்சுச்சு?"ன்னு கேட்கிறது என் வேலை. அந்த பதில்களைக் கேட்டுக் கேட்டு வந்த கோபம்தான் இந்த த்ரெட்.

முதல்ல கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்துடறேன். தொடுதல் பொய் இல்லை.

மெதுவா வருடினா மட்டும் தூண்டப்படற நரம்பு இழைகள் தோல்ல தனியா இருக்கு. சூட்டையும் வலியையும் கொண்டு போற இழைகளோட உறவுக்கார வகை. 1939-ல ஸ்வீடன்காரர் யங்வே சோட்டர்மன் இதை முதல்ல பதிவு பண்ணினது மனுஷன் கிட்ட இல்ல, பூனை கிட்ட. மனுஷங்க கிட்ட இந்த இழைகள் நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்துல வருடும்போது நல்லா வேலை செய்யும். குழந்தையைத் தூங்க வைக்கிற அம்மாவோட கை வேகம் கிட்டத்தட்ட அதுதான். யாரும் வகுப்புக்குப் போய்க் கத்துக்கல.

குதிரைங்க ஒண்ணை ஒண்ணு பல்லால சொறிஞ்சு விடும், கழுத்தும் முதுகும் சேருற அந்த மேட்டுப் பக்கத்துல. பிரான்சின் கமார்க் பகுதிக் குதிரைகள்ல அதே இடத்தை ஆள் கையால சொறிஞ்சு பார்த்தாங்க. இதயத் துடிப்பு குறைஞ்சது. வேற இடத்துல சொறிஞ்சப்போ அப்படிக் குறையல. 1993-ல வந்த ஆய்வு. சினிமாவுல ஹீரோ குதிரை கழுத்துல "டப் டப்"னு தட்டுவாரே, அதை விட இந்த சொறிதல்தான் குதிரைக்குப் பிடிச்சது.

இதுக்கு பிரான்ஸ் வரைக்கும் கூடப் போக வேணாம். மாட்டோட அலைதாடியைத் தடவிப் பாருங்க, கழுத்தை நீட்டிக்கிட்டு கண்ணை மூடி நிக்கும். மாடு வச்சிருக்கிற எந்த வீட்லயும் பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரிஞ்ச விஷயம்.

ஆக, தொட்டா மிருகம் அமைதியாகும். அமைதியானா நகம் வெட்டலாம், ஊசி போடலாம், லாடம் அடிக்கலாம். லிண்டா டெல்லிங்டன் ஜோன்ஸ்னு ஒரு குதிரைப் பயிற்சியாளர், விரல் நுனியால தோலை ஒண்ணேகால் சுத்து சின்ன வட்டமா நகர்த்துற முறையை உருவாக்கி உலகம் முழுக்கப் பரப்பினாங்க. பயந்த குதிரையை அடிக்காம, கட்டி இழுக்காம பழக்குறதுக்கு ஒரு வழி. பழக்கறதோட அது நின்னா எனக்கு ஒரு சண்டையும் இல்லை. கத்துக்கோங்க, நல்லது.

சண்டை எங்க ஆரம்பிக்குதுன்னா, "அமைதியாச்சு"ங்கிறதை "குணமாச்சு"ன்னு மாத்தி எழுதற இடத்துல.

எனர்ஜி கதைக்கு வருவோம். உடம்புல கை படாமலே சில அங்குலம் மேல கையை நகர்த்தி 'சக்தி ஓட்டத்தை'ச் சரி பண்ற 'தெரப்யூடிக் டச்' 1970-களில் அமெரிக்காவுல வந்தது. உருவாக்கினவங்க இரண்டு பேர். ஒருத்தர் நியூயார்க் பல்கலைக்கழக நர்சிங் பேராசிரியர் டோலரஸ் க்ரீகர். இன்னொருத்தர் டோரா குன்ஸ். இந்த அம்மா பின்னாடி அமெரிக்க தியசாபிகல் சொசைட்டிக்குத் தலைவரா இருந்தவங்க. ஆமா, நம்ம அடையாறுல தலைமையகம் இருக்கே, அதே சொசைட்டி. ஆயிரம் வருஷத்து ரகசியம்னு விக்கிறது பல சமயம் அம்பது வருஷத்துச் சரக்கு.

இதைச் சோதிச்சுப் பார்த்தது ஒரு சின்னப் பொண்ணு. எமிலி ரோசா, சோதனையைத் தொடங்கும்போது வயசு 9. நடுவுல ஒரு தடுப்பு. ஹீலர் தன் இரண்டு கையையும் தடுப்போட ஓட்டை வழியா நீட்டணும். எமிலி காசு சுண்டிப் பார்த்து, அதுல ஒரு கைக்கு மேல தன் கையைக் கொண்டு போவா. எந்தக் கைக்கு மேலன்னு ஹீலர் சொல்லணும். அவ்வளவுதான். 21 ஹீலர்கள், 280 முயற்சி. சரியாச் சொன்னது 44 சதவீதம். கண்ணை மூடிக்கிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாலே 50 வந்திருக்கும்! 1998-ல ஜாமா இதழ்ல வெளியாச்சு. பக்கத்துல ஒரு கை இருக்கா இல்லையான்னே உணர முடியாதவங்க, ஃபோட்டோவுல இருக்கிற நாயோட கிட்னியை எப்படி உணர்றாங்க?

"ஆனா என் நாய்க்கு வேலை செஞ்சுதே டாக்டர்!"

இந்த வாக்கியத்தைத்தான் நிதானமாப் பார்க்கணும். என் ஓபியில வர்ற மூட்டு வலிப் பாட்டிக்கு நான் கொடுத்த மாத்திரை கேட்கலைன்னா அடுத்த வாரமே வந்து, "என்னத்த மாத்திரை குடுத்த, ஒரு எழவும் குறையல"ன்னு முகத்துக்கு நேரா சொல்லிடும். எனக்கு அது வரம். நாய் அப்படிச் சொல்லாது. வலியோடயே வாலாட்டும். பூனை வலியை மறைச்சுக்கிட்டு கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கும். குதிரை பிறவியிலேயே இரையாகிற மிருகம், பலவீனத்தை வெளிய காட்டினா காட்டுல செத்துப் போயிருக்கும். அப்போ 'குணமாச்சா இல்லையா'ன்னு தீர்ப்பு சொல்றது யாரு? காசு கொடுத்தவர். பாசத்தோட, நம்பிக்கையோட, இரண்டு நாள் லீவு போட்டு வகுப்புக்குப் போனவர்.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு நம்பகமானதுன்னு அளந்தும் பார்த்திருக்காங்க. மூட்டுத் தேய்மானத்தால நொண்டுற நாய்கள். அதுல மருந்தே இல்லாத வெத்து மாத்திரை சாப்பிட்ட நாய்களை மட்டும் தனியா எடுத்தாங்க. நடக்கும்போது கால்ல எவ்வளவு எடை ஊன்றுதுன்னு அளக்கிற தகடு மேல நடக்க விட்டாங்க. உரிமையாளர்கள் கிட்டயும் கேட்டாங்க. பாதிக்கு மேற்பட்ட தடவை, கால்ல இல்லாத முன்னேற்றம் உரிமையாளர் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. கால்நடை மருத்துவர்களே ஐந்துக்கு இரண்டு தடவை ஏமாந்திருக்காங்க. 2012-ல வந்த ஆய்வு. படிச்ச வெட் டாக்டர் கண்ணே இப்படின்னா, இரண்டு நாள் சான்றிதழ்க் கண்ணு?

நாய் நொண்டிக்கிட்டேதான் இருந்தது. மனசுதான் தேறிச்சு. மனசு தேறினதுக்கு விலை, வலி மாத்திரை கிடைக்காம அந்த நாய் கழிக்கிற மாசங்கள்.

"சும்மா அன்பா தடவுறதுல என்ன கெடுதல்?"னு கேட்கிறவங்களுக்கு இரண்டு நோயைச் சொல்றேன். இரண்டும் மனுஷங்களுக்கும் வர்றது, அதனால என் எல்லைக்குள்ளதான் பேசறேன்.

ஒண்ணு, ரேபிஸ்.

ரேபிஸ் நாய்னா நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஊரையே கடிச்சுக்கிட்டு ஓடும்னு மட்டும் நினைக்காதீங்க. இன்னொரு வகை இருக்கு, ஊமை வெறி. நாய் அமைதியாயிடும். மூலையில படுத்துக்கும். கூப்பிட்டா வராது. கீழ்த்தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், முழுங்க முடியாது, குரல் மாறிடும். பார்க்கிறவங்களுக்கு என்ன தோணும்? பாவம், தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு. இல்லன்னா, பயந்து போயிருக்கு, மன உளைச்சல். இப்போ 'மென்மையான தொடுதல்' கத்துக்கிட்ட ஒருத்தர் அங்க இருந்தா என்ன செய்வார்னு யோசிங்க. பக்கத்துல உட்காருவார். தாடையை நீவி விடுவார். ஈறு ஓரமா விரலை விட்டு வட்டம் போடுவார். வாய்க்குள்ள தடவுறதும் பல முறைகள்ல ஒரு பாடம்தான்.

எங்க கிட்ட வந்த ஒருத்தர் (அடையாளம் தெரியற விவரமெல்லாம் மாத்திட்டேன்), தெருவுல கிடந்த குட்டியைத் தூக்கிட்டு வந்து இரண்டு நாள் மடியில வச்சுத் தடவி, எலும்பு இருக்கான்னு வாய்க்குள்ள விரல் விட்டுப் பார்த்திருக்கார். விரல்ல நகக்கண் ஓரமா வெடிப்பு. குட்டி மூணாவது நாள் செத்துப் போச்சு. "அது கடிக்கவே இல்லையே டாக்டர், ரொம்ப சாது. குட்டிக்கு எப்படி ரேபிஸ் வரும்?"னு கேட்டார். அவர் மனைவி வலுக்கட்டாயமா இழுத்துட்டு வந்ததால அன்னிக்கே ஊசி ஆரம்பிச்சோம். நல்லா இருக்கார். குட்டிக்கும் ரேபிஸ் வரும். கடிக்காத நாயோட எச்சிலும் வெடிச்ச தோல்ல பட்டா போதும். அறிகுறி வந்துட்டா மனுஷனைக் காப்பாத்த எங்க கிட்ட எதுவும் இல்லை. இதுல "கிட்டத்தட்ட"ன்னு சேர்க்கக் கூட மனசு வரல.

சின்ன விலகல், மன்னிக்கணும். ஆழமான நாய்க்கடியில காயத்தைச் சுத்தி ஒரு சீரம் போடறோம் பாருங்க, அரசு மருத்துவமனைகள்ல பெரும்பாலும் அது குதிரை ரத்தத்துல இருந்து எடுத்தது. பாம்புக்கடி மருந்தும் அப்படித்தான். மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலியில இருளர் கூட்டுறவு சங்கம் எடுத்துக் கொடுக்கிற விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அது உண்டாக்கிற எதிர்ப்புப் பொருளைப் பிரிச்சு எடுக்கறாங்க. நாய்க்கும் பாம்புக்கும் நடுவுல நம்மளைக் காப்பாத்தறது பெயர் தெரியாத ஏதோ ஒரு குதிரை. அந்த ஜீவனுக்கு நாம திருப்பிச் செய்யறது ஃபோட்டோ ஹீலிங்கா இருக்கக் கூடாது.

இரண்டாவது, டெட்டனஸ். குதிரைகளுக்கு இது ரொம்ப சுலபமா வரும், குளம்புல ஒரு ஆணி குத்தினா போதும். சில நாள் கழிச்சு உடம்பு விறைக்கும். நாலு காலையும் அகட்டி மரக்குதிரை மாதிரி நிக்கும். வால் தூக்கிக்கும். கண்ணோட உள்மூலையில இருந்து மூணாவது இமை குறுக்க வரும். விவரம் தெரியாதவங்க கண்ணுக்கு இது 'தசை இறுக்கம்'. விளம்பரத்துல போட்டிருக்கிற வார்த்தையும் அதேதான்.

டெட்டனஸ் வார்டு பார்த்திருக்கீங்களா? இருட்டா இருக்கும். சத்தம் இருக்காது. நோயாளியைத் தேவையில்லாம தொடாதேன்னு ஹவுஸ் சர்ஜனுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பாங்க. ஏன்னா அந்த நஞ்சு தசைக்குப் போற 'நிறுத்து' சிக்னலை அடைச்சிடுது. ஒரு கதவுச் சத்தம், ஒரு தொடுதல், முழு உடம்பும் வில்லா வளைஞ்சு இழுக்கும். குதிரைக்கும் அதே கதைதான். இருட்டுக் கொட்டில், அமைதி, ஆன்டி டாக்ஸின், மருத்துவர். அந்தக் குதிரையைப் பிடிச்சு விடறது வைத்தியம் இல்லை, சித்திரவதை.

இதைத் தவிர ஆண் பூனைக்கு மூத்திரம் அடைச்சுக்கிறது இருக்கு. மணல் தட்டுல போய்ப் போய் முக்கும், வீட்ல மலச்சிக்கல்னு நினைச்சு வயித்தை நீவி விடுவாங்க. உள்ள மூத்திரப்பை வெடிக்கிற நிலைமையில இருக்கும், இரண்டு நாள் விட்டா ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயம் நின்னுடும். குதிரைக்குக் குடல் முறுக்கிக்கிட்டா கையில இருக்கிறது சில மணி நேரம். அதுக்கு வாந்தி கூட எடுக்க வராது. அந்த மணி நேரங்களை 'செஷன்' முழுங்கிடுது.

நாய்க்கடிக்கு மிளகாய்ப்பொடி வைக்காதீங்க, சுண்ணாம்பு தடவாதீங்க, மந்திரிக்கப் போகாதீங்கன்னு கிராமத்துல தொண்டை வறளக் கத்துறோம். கேட்கிறாங்க, நிறையவே மாறியிருக்காங்க. இப்போ அதே மந்திரிப்பு ஏசி ஹால்ல, இங்கிலீஷ்ல, பவர்பாயின்ட் போட்டு நடக்குது. வேப்பிலை அடிச்சா மூடநம்பிக்கை, சான்றிதழ் கொடுத்தா ஹீலிங்கா? வியாதியை மந்திர சக்தியால குணமாக்கறதா விளம்பரம் பண்றதைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்தாச்சு, அதுல "மனிதர் அல்லது விலங்கு"ன்னே இருக்கு. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் இல்லாதவங்க கால்நடை வைத்தியம் பார்க்கக் கூடாதுன்னு 1984 சட்டம் சொல்லுது. அதனாலதான் விளம்பரத்தோட அடியில எறும்பு சைஸ்ல "இது மருத்துவத்துக்கு மாற்று அல்ல"ன்னு ஒரு வரி. மேல கொட்டை எழுத்துல வலிப்பு, தோல் வியாதி. கீழ எறும்பு.

மக்கள் ஏன் போறாங்கன்னு எனக்குப் புரியாம இல்லை. வெட் டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போனா ஐந்து நிமிஷம். நாய் நடுங்குது, அவர் முகத்தைக் கூட நிமிர்ந்து பார்க்கல, பில்லு மட்டும் வந்துச்சு. இந்த ஹீலர் தரையில உட்கார்ந்து ஒரு மணி நேரம் நம்ம கதையைக் கேட்கிறார், நாய் பேரைச் சொல்லிக் கூப்பிடறார். என் ஓபியில ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்க முடிஞ்சா பெரிய விஷயம், அதனால இந்தக் குறையை நானும் ஒத்துக்கறேன். அவங்க விக்கிறது சக்தி இல்லை, நேரம். அந்த நேரத்தை மருத்துவமனைக்குள்ள கொண்டு வரணும்னு நாம கேட்கணும். கால்நடை மருந்தகங்கள்ல ஆள் போடுங்கன்னு சண்டை போடணும். இந்த வகுப்புக் கட்டணத்தை விட அந்தச் சண்டை பிரயோஜனம்.

சரி, தொடறதுக்கு உண்மையிலேயே கத்துக்கணும்னா என்ன கத்துக்கலாம்? நிறைய இருக்கு. எல்லாம் இலவசம்.

ஐந்து நொடி தடவுங்க, கையை எடுத்துடுங்க. அது திரும்ப உங்க கைக்கு வந்தா பிடிச்சிருக்குன்னு அர்த்தம். முகத்தைத் திருப்பினா, உதட்டை நக்கினா, உடம்பு விறைச்சா, விட்டுடுங்க. குழந்தைங்களுக்கு இந்த ஒண்ணைச் சொல்லிக் கொடுத்தாலே என் ஓபியில கூட்டம் குறையும். குட்டியா இருக்கும்போதே, உடம்பு நல்லா இருக்கிற நாள்ல, பாதம், காது, உதடு எல்லாத்தையும் தொட்டுப் பழக்குங்க. நாளைக்கு வெட் டாக்டர் தொடும்போது நடுங்காது.

வாரம் ஒரு தடவை தலையில இருந்து வால் வரைக்கும் இரண்டு கையாலயும் மெதுவா தடவிட்டே போங்க. இது தேடுற தடவல். போன வாரம் இல்லாத கட்டி, ஒரு இடத்துல மட்டும் சூடு, தொட்டா சுருங்கற இடம், உண்ணி, விலா எலும்பு முன்னை விட அதிகமா தட்டுப்படுதா. ஈறை விரலால அழுத்தி எடுங்க, வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள்ள சிவக்கணும். குதிரைன்னா தாடைக்கு அடியில நாடி பாருங்க, ஓய்வா நிக்கும்போது நிமிஷத்துக்கு 28 முதல் 44. நாலு குளம்பையும் தொட்டுப் பாருங்க, ஒண்ணு மட்டும் சுடுதுன்னா அங்க ஏதோ இருக்கு. ஊட்டி, கொடைக்கானல்ல சவாரிக் குதிரை வச்சிருக்கிற அண்ணன்மார்களே, சேணத்தைக் கழட்டினதும் முதுகு முழுக்கக் கையை ஓட விடுங்க. புண்ணு கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி வீக்கம் கைக்குத் தெரியும். டெட்டனஸ் ஊசி குதிரைக்கும் உண்டு, போட்டு வைங்க.

இப்படிக் கண்டுபிடிச்சதைக் கொண்டு போய்க் காட்டுங்க. வீட்டுக்கே வர்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, 1903-ல ஆரம்பிச்சது. அறுவை சிகிச்சைக்கு அப்புறம் மசாஜும் பயிற்சியும் தேவைப்படற நாய்களும் உண்டு. எங்க, எப்படி, எத்தனை நாள்னு அவங்களே சொல்லித் தருவாங்க. அந்தத் தொடுதலை வைத்தியம்னு தாராளமா சொல்லிக்கலாம்.

தெரியாத நாய், திடீர்னு மாறிப் போன நாய், எச்சில் ஒழுகற நாய், இது மூணையும் தொடாதீங்க. எவ்வளவு பாவமா இருந்தாலும். 1962-க்குப் போன் பண்ணிட்டு தள்ளி நில்லுங்க.

கடிச்சுட்டா, கீறிட்டா, வெடிப்புல எச்சில் பட்டுட்டா: ஓடற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்க, 15 நிமிஷம் நீங்க நினைக்கிறதை விட நீளம். மேல எதுவும் தடவாதீங்க, கட்டுப் போடாதீங்க. அன்னிக்கே அரசு மருத்துவமனைக்கு வாங்க, ராத்திரியானாலும் வாங்க. தோல்ல போடற முறையில 0, 3, 7, 28-ஆம் நாள். ரத்தம் வர்ற காயம்னா முதல் நாளே சீரமும் உண்டு. காசு கிடையாது. மூணாவது ஊசியோட நிறைய பேர் காணாம போயிடறாங்க, நாலாவதுக்கும் வாங்க. தேதி போட்ட அட்டை கொடுப்போம், அதைப் பத்திரமா வச்சுக்கோங்க.